ரூட் கெனாலுக்குப் பிறகு கேப்: வலியே இல்லையே, தேவையா?

வணக்கம். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் முடிந்து மூன்று வாரம் ஆகிறது, வலியும் இல்லை, கேப் (பல்லை மூடும் உறை) போடாமல் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். சொத்தையும் துளையும் போக மீதமுள்ள சுவர் மெலிந்திருக்கும். ரூட் கெனாலில் நரம்பை எடுத்துவிடுவதால் விரிசல் விட்டாலும் பல் பெரும்பாலும் வலித்துச் சொல்லாது. வேர்வரை பிளந்துவிட்டால் பெரும்பாலும் பிடுங்குவதுதான் வழி. நான் அப்படி ஒரு பல்லை இழந்தவன்.

பெரும்பாலும் இரண்டு முறை போகவேண்டியிருக்கும். முதல் நாள் பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தேய்த்து, அளவெடுத்து, தற்காலிக கேப் ஒட்டுவார்கள். அது லேசான பசைதான். முறுக்கு, கடலைமிட்டாய் அந்தப் பக்கம் வேண்டாம். கழன்றால் உடனே போய் ஒட்டிக்கொள்ளுங்கள். ஈறு சில நாள் வலிக்கும், அது இயல்பு.

முக்கியமானது இரண்டாம் முறை, நிரந்தர கேப் மாட்டும் நாள். கடிக்கும் இடத்தில் நிறம் பதியும் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். அந்தப் பல் மட்டும் முதலில் தட்டுகிறதா என்று கவனியுங்கள். தட்டினால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மரத்திருந்தால் அப்போது தெரியாது. வீட்டில் சாப்பிடும்போது தெரிந்தால் மறுநாளே போங்கள். தேய்த்துச் சரிசெய்ய சில நிமிடம் போதும். "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொண்டால் வேர் நுனியும் தாடையும் வலிக்கும்.

பின்பல் என்பதால் நிறத்துக்காக அதிகம் செலவழிக்கவேண்டியதில்லை. உலோக கேப்பே நன்றாக உழைக்கும். வெள்ளையாக வேண்டுமென்றால் சிர்கோனியா என்ற பீங்கான் வகை கேப். எதுவானாலும் கேப்பின் விளிம்பில் மறுபடி சொத்தை வரலாம், அங்கே தினமும் சுத்தம் செய்யுங்கள்.