விபத்தில் தவறு என்னுடையதுதான் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவு செய்து க்ளெய்ம் பணத்தைக் குறைத்துவிட்டது. எதிர்க்க முடியுமா?

முடியும். நான் எதிர்த்தேன், பிடித்த பணம் திரும்பி வந்தது. ஆனால் முதல் ஒன்றரை மாதம் வேண்டாத சண்டையைப் போட்டு வீணாக்கினேன். நீங்களும் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அதனால் கதையோடே சொல்கிறேன்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். ராஜாஜி சாலையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை. 2024 நவம்பரில் வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த ஒரு நாள். அம்மாவுக்கு ஒரே நாளில் மூன்று அம்மனையும் பார்த்துவிட வேண்டும். காலையில் மேலூர் திருவுடை அம்மன், உச்சி நேரத்தில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன். விடிந்ததும் காரை எடுத்தோம். காசிமேடு தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் வழக்கம்போல கன்டெய்னர் ட்ரெய்லர் வரிசை.

எனக்கு முன்னால் ஒரு நாற்பதடி ட்ரெய்லர் வலது பக்கம் ஒதுங்கியது. இடது பக்கம் காலியாக இருந்தது. நான் அந்த இடைவெளியில் நுழைந்தேன். அதற்கு முன்னால் ஒரு டாடா ஏஸ் நின்றிருந்ததால் நானும் நின்றேன். ட்ரெய்லர் வலது பக்கம் ஒதுங்கியது இடது பக்க யார்டுக்குள் திரும்புவதற்காக. நீளமான வண்டி வளைந்து திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். துறைமுகத்து வேலையில் பதினெட்டு வருடம் இருப்பவனுக்கு இது தெரியாதா? தெரியும். இருந்தும் நுழைந்தேன். என் மேல் தவறே இல்லை என்று இங்கே எழுத மாட்டேன்.

பின் கதவில் ஆரம்பித்து முன் பக்கம் வரை ட்ரெய்லரின் ஓரம் உரசிக்கொண்டு போனது. வலது பக்கக் கண்ணாடி தொங்கியது. யாருக்கும் அடி இல்லை. டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, கேஸ் வேணாண்ணே, யார்டுல டோக்கன் போயிடும்" என்றார். பாவமாக இருந்தது. நம்பர் பிளேட்டையும் காரையும் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு விட்டுவிட்டேன். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்குத் தருகிற சி.எஸ்.ஆர் ரசீதாவது வாங்கியிருக்கலாம். அம்மா வேறு, "கோயில் நடை சாத்திடுவாங்கடா" என்று அவசரப்படுத்தினார்.

அடுத்த தப்பு ஒர்க்‌ஷாப்பில். க்ளெய்ம் படிவத்தில் 'விபத்து எப்படி நடந்தது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை சர்வீஸ் அட்வைசரே நிரப்பினார். இடது பக்கமாக முந்த முயன்றபோது ட்ரெய்லரில் மோதியது என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஆபீஸில் ஷிப்பிங் பில்லில் ஒரு எழுத்து மாறினாலும் கத்துகிறவன் நான்.

ஒர்க்‌ஷாப் பில் 1,12,000 ரூபாய். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர், தேய்மானம் எல்லாம் கழித்து 84,000 என்று மதிப்பிட்டார். இந்த வெட்டு வேறு, தவறு என்று சொல்லிப் பிடிக்கிற வெட்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம், மூன்று வருடம் தாண்டி நான்கு முடியாத காரின் இரும்புப் பாகங்களுக்கு 25 சதவீதம், கட்டாயக் கழிவாகச் சின்ன காருக்கு 1,000 ரூபாய். தேய்மானமில்லாத கவர் எடுக்காதவர்களுக்கு இதெல்லாம் பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டிப் பிரயோசனம் இல்லை.

பிரச்சினை அதற்கு மேல் வந்தது. 'காரை ஓட்டியவர் நியாயமான கவனம் எடுக்கவில்லை, விபத்துக்கு அவரே காரணம், ஆகவே நான்-ஸ்டாண்டர்ட் முறையில் 75 சதவீதம்' என்று ஒரு மெயில். க்ளெய்மை மொத்தமாக மறுக்காமல் குறைத்துத் தருவதற்குத்தான் அந்தப் பெயர். அதாவது 63,000. எனக்கு 21,000 நஷ்டம்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் முந்தவில்லை, நின்றுகொண்டிருந்தேன் என்று நிரூபிக்கக் கிளம்பினேன். எதிரே இருந்த டீக்கடையில் கேமரா இருந்தது. பத்தொன்பதாவது நாள் போனேன். கடைக்காரர், "பதினைஞ்சு நாளைக்கு மேல நிக்காது சார், பழசு மேலயே எழுதிக்கும்" என்றார். விபத்து நடந்த அன்றைக்கே போயிருந்தால் செல்போனிலேயே படம் பிடித்திருக்கலாம். உங்கள் விபத்து இந்த மாதம் நடந்ததென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் கேமரா இருக்கும் கடைக்குப் போங்கள். கடைக்காரர் தர மறுத்தால், அந்தப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அவருக்கும் ஸ்டேஷனுக்கும் எழுதிக் கொடுங்கள்.

என்னைக் காப்பாற்றியது அந்த நாலு போட்டோதான். கண்ணாடி முன்பக்கமாக மடங்கி உடைந்திருந்தது. நான் ட்ரெய்லரை முந்திப் போய் உரசியிருந்தால் அது பின்பக்கம், ஜன்னலை நோக்கி மடங்கியிருக்கும். முன் கதவின் பின் ஓரத்துத் தகடு நெளிந்து முன்னால் தள்ளப்பட்டிருந்தது. பின் கதவின் முன் ஓரம் அப்படியே இருந்தது. என்னைவிட வேகமாகப் போன ஒன்று பின்னாலிருந்து முன்னால் உரசிக்கொண்டு போயிருக்கிறது என்று காரே சொன்னது. ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங் செய்கிற பெரியவர்தான் விரலை வைத்துக் காட்டினார். சர்வேயர் ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. க்ளெய்ம் படிவத்தில் இருந்த அந்த ஒரு வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்.

இதையெல்லாம் விளக்கி மூன்று மெயில் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: 'எங்கள் முடிவில் மாற்றமில்லை.'

அப்புறம்தான் பெரம்பூரில் மாமா ஒருவரைப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணாடி, தகடு எல்லாம் விளக்கி முடித்தேன். காபியைக் குடித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, நீ இடது பக்கம் முந்தினதாவே வச்சுக்கோ. அப்பவும் பணம் ஏன் குறையணும்? எந்த ஷரத்துல இருக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். நம் காருக்கு ஆன சேதத்துக்கு நம் கம்பெனியிடமே கேட்பது 'ஓன் டேமேஜ்' க்ளெய்ம். அதில் தவறு யாருடையது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. திடீரென்று நேரும் விபத்துக்குத்தான் பாலிசி. மனிதன் அசட்டையாக இருப்பதும் அதில் அடக்கம். நாமே சுவரில் இடித்தாலும் தருகிறார்கள் அல்லவா? நம் நடத்தையால் பணம் போகிற இடங்கள் தனியாகப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, சொந்தக் காரை வாடகைக்கு விட்டது போன்றவை. தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொள்வதையும் விபத்தின் நேரடிச் சேதம் இல்லை என்று மறுப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் முடிந்து எங்கள் பக்கம் நிறையப் பேர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

'நியாயமான கவனம்' என்பதும் பாலிசியில் உள்ள நிபந்தனைதான், கம்பெனி புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அது வண்டியைப் பாதுகாப்பாகவும் ஓடுகிற நிலையிலும் வைத்திருப்பதைப் பற்றியது. சாவியை வண்டியிலேயே விட்டுப்போவது, பிரேக் போன வண்டியை ஓட்டுவது மாதிரி. சாலையில் ஒரு நொடி கணக்குத் தப்பியதை எல்லாம் அதில் அடைக்க முடியாது என்றார் மாமா. பாலிசி நிபந்தனையை மீறிய க்ளெய்ம்களை மொத்தமாக மறுக்காமல் 75 சதவீதத்துக்கு முடிக்கிற வழக்கம் உண்டு. உச்ச நீதிமன்றமும் 2010-ல் ஒரு கார் வழக்கில் அதை ஏற்றிருக்கிறது. ஆனால் முதலில் மீறல் என்று ஒன்று இருக்க வேண்டும். சர்வேயர் ரிப்போர்ட் வேதவாக்கு இல்லை என்றும் அதே நீதிமன்றம் 2009-ல் சொல்லியிருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். இந்தத் தடவை வரிசை மாறியது. ஒன்று, தவறு என்னுடையது என்றே வைத்துக்கொண்டாலும் பாலிசியின் எந்த ஷரத்தின்படி 25 சதவீதம் பிடித்தீர்கள், எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இரண்டு, சர்வேயர் ரிப்போர்ட்டின் நகல் வேண்டும். மூன்று, நடந்ததும் நீங்கள் சொல்வது போல இல்லை, போட்டோக்களைப் பாருங்கள். க்ளெய்ம் படிவத்தின் அந்த வரி ஒர்க்‌ஷாப் ஊழியர் எழுதியது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதையும்தான்.

காரணத்தை எழுத்தில் வாங்குவது முக்கியம். மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு கோர்ட்டில் கொண்டுவர முடியாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. போனில் பேசினால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள், கையில் ஒன்றும் மிஞ்சாது.

இதற்கு நடுவில் வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். கம்பெனி தருகிற 63,000 போக மீதி 49,000-ஐ நான் கட்டினேன். 'முழுத் தீர்வாக ஏற்கிறேன்' என்று ஒரு தாள் நீட்டினார்கள். எங்கள் தொழிலில் கஸ்டம்ஸோடு தகராறு என்றால் 'அண்டர் புரோட்டெஸ்ட்' என்று எழுதி வரியைக் கட்டுவது சகஜம். அதே பழக்கத்தில், 'எதிர்ப்புடன் பெறுகிறேன், மீதி 21,000-க்கான உரிமையை விடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளை நீட்டிய பையன் விழித்தான். ஆனால் வாங்கிக்கொண்டான்.

கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது இந்த மாதிரித் தகராறுகளை விசாரிக்கிற குறைதீர்ப்பாளரிடம், போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. நான் ஆன்லைனிலேயே போட்டேன். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் கூடாது. 50 லட்சம் வரையிலான தகராறுகளை எடுக்கிறார்கள். கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அங்கே இரண்டு வருடம் அவகாசம். ஆனால் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் ஆம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். அதனால் முதலில் இங்கே போவதுதான் புத்திசாலித்தனம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகார் போட்டேன். அது கம்பெனிக்கே திரும்பிப் போய் பழைய பதிலோடு முடிந்தது. எனக்கு அதில் பெரிய பிரயோசனம் தெரியவில்லை.

விசாரணைக்கு நாள் குறித்து நோட்டீஸ் வந்தது. அதற்கு நான்கு நாள் இருக்கும்போது கம்பெனியிலிருந்து போன். "சார், பாதிக்குப் பாதி முடிச்சுக்கலாமா?" ஷரத்து எண் சொல்லுங்கள், மொத்தத்தையும் விட்டுவிடுகிறேன் என்றேன். மறுநாள் மீதி 21,000 தருவதாக மெயில் வந்தது. 2025 ஜூனில் பணம் கணக்கில் ஏறியது. ஷரத்து எண் மட்டும் கடைசிவரை வரவே இல்லை.

உங்கள் கேள்வியில் எதிர் வண்டிக்காரருக்கு அடிபட்டதா இல்லையா என்று இல்லை. அடிபட்டிருந்தால் கதை வேறு. மூன்றாம் நபர் இழப்பீட்டில் தவறு யாருடையது என்பதுதான் மையம். ஆனால் அங்கேயும் முடிவு செய்வது கம்பெனி இல்லை, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னைக்கு அது ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கிறது. அந்த மாதிரி விபத்தில் ரோட்டிலேயே 'தப்பு என்னுடையது, நான் தருகிறேன்' என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் அனுமதி இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. கம்பெனிக்கு அது நல்ல சாக்காகிவிடும். அப்படி ஒரு வழக்கு இருந்தால் வக்கீலைப் பாருங்கள், என் கதையை நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று. எனக்கு 35 சதவீதம் நோ க்ளெய்ம் போனஸ் இருந்தது, க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி. ஜெயித்தும் அது போய்விட்டது. தவறு எதிராளியுடையதாக இருந்தாலும், ஓன் டேமேஜ் க்ளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் போனஸ் பூஜ்யம். அது 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50-க்கு ஏற ஐந்து வருடம் ஆகும். பம்பர் கீறல் மாதிரி சின்ன சேதத்துக்கு க்ளெய்ம் போடுவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் மறுப்புக் கடிதத்தில் ஷரத்து எண் ஏதாவது இருந்தால், பெயர் விவரங்களை மறைத்துவிட்டுக் கீழே போடுங்கள். மாமாவிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் காபியும் கிடைக்கும்.