விசா முடிய மூன்று மாதம்: தம்பலகாமத்துத் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். சார்ஜாவில் ஒரு களஞ்சியத்தில் வேலை. முதல் இரண்டு வருட விசா ஏப்ரல் நடுவில் முடிகிறது. கடவுச்சீட்டில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. "விசாவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று பி.ஆர்.ஓ, அதாவது கம்பெனியின் விசா, அரசாங்க அலுவல்களைப் பார்க்கிறவர், சொல்லிவிட்டார். ஆகவே ஏப்ரல் முதல் கிழமையே தம்பலகாமத்துக்குப் போய், வருடப்பிறப்பையும் கொண்டாடி, வைகாசியில் தங்கச்சியின் கல்யாணத்தையும் முடித்துக்கொண்டு ஆறுதலாக வரலாமா?

நான் உப்புவெளிக்காரன். துபாயில் விசா புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவன். ஊருக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஒழுங்கில் போகவேண்டாம்.

முதலில் கடவுச்சீட்டு. எட்டு மாதம் என்பது தாராளமாகத்தான் தெரியும். ஆனால் விசா புதுப்பிக்கிற நாளில் கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கவேண்டும். உங்கள் விசா முடிகிற ஏப்ரலில் அதில் மிஞ்சியிருப்பது ஐந்து மாதம்தான். கம்பெனி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், சரி. இலங்கைக் கடவுச்சீட்டைக் கம்பெனி எடுத்துத் தராது. பி.ஆர்.ஓ உங்கள் கோப்பைத் திறக்கிற அன்றைக்குத்தான் "பாஸ்போர்ட்டில் நாள் போதாது" என்பார். அப்போது கையில் இருப்பது சில கிழமைதான்.

சார்ஜாவில் இருப்பவர்களுக்குத் துபாயிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம்தான். அங்கே கொடுக்கிற விண்ணப்பம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்த்தான் கடவுச்சீட்டாகி வரவேண்டும். கிழமைக் கணக்கில் யோசிக்காதீர்கள், மாதக் கணக்கில் யோசியுங்கள். 2024இல் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகம் தட்டுப்பாடாகி, பத்தரமுல்லையில் சனம் விடிய விடிய வரிசையில் நின்றது நினைவிருக்கும். நிலைமை எப்போது எப்படி மாறும் என்று யாரும் உறுதி தரமுடியாது. ஆகவே வருகிற விடுமுறை நாளுக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

பெப்ரவரி முடியும்போதும் கையில் வரவில்லையென்றால் இரண்டாவது வழி: சின்ன விடுமுறை ஒன்று போட்டு ஊருக்குப் போய், ஒருநாள் சேவையில் எடுத்துக்கொண்டு, மார்ச்சிலேயே திரும்பிவிடுங்கள். டிக்கெட்டுக்குச் செலவுதான், நோகும்தான். அப்படிப் போவதாக இருந்தால் முன்பு கொடுத்த விண்ணப்பத்தை என்ன செய்வது என்று தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டையில் இறங்கிப் பத்தரமுல்லை வரிசைக்குப் போய்விடலாம். அப்புறம் ஒன்று, பழைய புத்தகத்தை எங்கேயும் விட்டுவிடாதீர்கள். உங்கள் விசா பழைய இலக்கத்தில்தான் பதிவாகியிருக்கும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பயணம் செய்து, வந்தவுடன் புதிய இலக்கத்தைப் பதியச் சொல்லி பி.ஆர்.ஓவைப் பிடியுங்கள்.

அடுத்தது, விசா முடிகிற நேரத்தில் ஊரில் இருப்பது. புதுப்பிக்க நீங்கள் இந்த நாட்டுக்குள் இருக்கவேண்டும். மருத்துவப் பரிசோதனைக்கு ஆள் வேண்டுமே. "ஆறு மாதம்வரை வெளியே நிற்கலாம்" என்று உங்கள் அறை நண்பர் சொன்னது விசா நடப்பில் இருக்கிறவர்களுக்கு. ஒரேயடியாக 180 நாளுக்கு மேல் வெளியே நின்றால் நடப்பிலுள்ள விசாவே ரத்தாகும் என்பதுதான் அந்த விதி. முடிந்துபோன விசாவுக்கு அது உயிர் கொடுக்காது. எங்கள் கட்டடத்தில் இருந்த கிண்ணியாப் பொடியன் ஒருவன் உம்மாவுக்குச் சுகமில்லை என்று அவசரமாகப் போனான். ஊரில் நிற்கும்போதே விசா முடிந்துவிட்டது. கம்பெனி புதிதாக நுழைவு அனுமதி போட்டு, முதல்தரம் வருகிறவன் மாதிரி எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவேண்டியதாயிற்று. அதுவரை சம்பளமும் இல்லை. அவனுடைய முதலாளி நல்ல மனிதர், போட்டார். எல்லா முதலாளியும் போடுவார் என்றில்லை. ஆள் தேவையில்லை என்று நினைக்கிற முதலாளிக்கு அது வசதியான சாட்டு.

ஆகவே வருடப்பிறப்பை இம்முறை விடுங்கள். அம்மா கோபிப்பார், மருத்துநீர் வைக்க ஆளில்லை என்று புலம்புவார். கைவிசேஷத்தைத் தங்கச்சியிடம் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள். மார்ச் நடுவில் புதுப்பிக்கத் தொடங்கச் சொல்லிக் கம்பெனிக்கு இப்போதே மின்னஞ்சலில் எழுதுங்கள். வாயால் சொன்னது எந்த மனிதவளப் பிரிவிலும் நிற்காது. ஏப்ரலில் புதிய விசா வந்துவிட்டால் வைகாசிக் கல்யாணத்துக்கு மாதக் கணக்காகவே நிற்கலாம்.

நடைமுறை ஒன்றும் பயப்படுகிற மாதிரி இல்லை. இரத்தம் எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். இரத்தத்தில் பார்ப்பது எச்.ஐ.வி, எக்ஸ்ரேயில் பார்ப்பது காசநோய். எக்ஸ்ரே அறைக்குள் போகுமுன் சங்கிலி, தாயத்து எல்லாவற்றையும் கழற்றவேண்டும். அம்மா கட்டிவிட்ட தாயத்தைக் கழற்ற மனமில்லாமல் சட்டைக்குள் தள்ளிவிட்டு நின்றால், வெள்ளையாக ஒரு கட்டி படத்தில் விழும், திரும்பக் கூப்பிடுவார்கள், ஒரு நாள் வேலை போகும். வெள்ளிக் கம்பியில்லாத கறுப்பு நூல் என்றாலும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வதே புத்தி. 2022 ஏப்ரலிலிருந்து கடவுச்சீட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எமிரேட்ஸ் ஐடி என்கிற அடையாள அட்டைதான் சாட்சி. பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு "விசா அடிக்கவில்லையே" என்று பதறவேண்டாம்.

மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து சார்ஜாவிலும் மற்ற வட எமிரேட்டுகளிலும் அது இல்லாமல் தனியார் துறை விசா புதுப்பிக்கப்படுவதில்லை, அதன் செலவு முதலாளியுடையது. வேலையிழப்புக் காப்புறுதி மட்டும் உங்கள் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்குள் என்றால் மாதம் 5 திர்ஹம். அதில் சேராமலே விட்டால் 400 திர்ஹம் அபராதம்.

விசாச் செலவைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று மேற்பார்வையாளர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் தொழிற்சட்டப்படி ஆள் சேர்க்கிற செலவைத் தொழிலாளியிடம் வாங்கமுடியாது. நேராகவோ சுற்றிவளைத்தோ முடியாது. கடவுச்சீட்டைப் பிடித்துவைக்கவும் முடியாது. சண்டை பிடிக்கவேண்டாம், "எழுத்தில் தாருங்கள்" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு அந்தப் பேச்சு நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் மனிதவள அமைச்சில் முறைப்பாடு செய்யலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதில்தான் இருக்கிறது. விசாவோடு தொழில் ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படும். போனில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பமிடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அமைச்சின் ஒப்பந்தப் படிவம் தமிழிலும் இருக்கிறது, கேட்டு வாங்கிப் படியுங்கள். மொத்தச் சம்பளத்தை எல்லோரும் பார்ப்பார்கள், அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். வேலையை விடும்போது வருகிற பணிக்கொடை முதல் ஐந்து வருடத்துக்கு வருடமொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பின் 30 நாள். மொத்தம் 2,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை 1,500 என்றால் வருடத்துக்கு 1,050 திர்ஹம் சேரும். அதே 2,500ஐ, அடிப்படை 1,000, மீதி கொடுப்பனவு என்று பிரித்துவிட்டால் 700தான். மாதாமாதம் கைக்கு வருவது ஒன்றுதான், அதனால் யாருக்கும் தெரியாது. போன ஒப்பந்தத்தில் இருந்த அடிப்படை இம்முறை குறைந்திருந்தால் ஒப்பமிடுமுன் கேளுங்கள்.

தாமதமானால்? விசா முடிந்தபின் கொஞ்ச நாள் சலுகை உண்டு, விசா வகையைப் பொறுத்து அது மாறும். அதன்பிறகு நாளுக்கு 50 திர்ஹம். ஐடிக்குத் தனியாக நாளுக்கு 20, உச்சம் 1,000. 2024 செப்டெம்பரிலிருந்து டிசெம்பர்வரை பொதுமன்னிப்பு கொடுத்தார்கள் என்பதை வைத்து "திரும்பவும் வரும்" என்று காத்திருக்கிற ஆட்களோடு சேராதீர்கள்.

ஊரிலிருந்து திரும்பும்போது இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவையும் புதுப்பித்திருக்கவேண்டும். அதைக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகிற வழியில் நினைப்பவர்கள் நிறையப் பேர். கல்யாண வேலைக்குள் மறந்துபோகும், ஊரில் இறங்கிய கிழமையே முடித்துவிடுங்கள்.

மனைவியைக் கூப்பிடுவது பற்றிக் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். அதற்கு மாதச் சம்பளம் 4,000 திர்ஹம் வேண்டும், அல்லது 3,000உம் தங்குமிடமும். இன்னும் சம்பளம் அங்கே வரவில்லை என்றாலும், ஊரில் நிற்கும்போது விவாகச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து அத்தாட்சி எடுத்துவைப்பது நல்லது. அத்தாட்சிக்கான வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் வேலைக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, திருகோணமலைக் கச்சேரியிலேயே, அதாவது மாவட்டச் செயலகத்திலேயே, பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அதன்பின் கொழும்பிலுள்ள எமிரேட்ஸ் தூதரகம், பிறகு இங்குள்ள வெளியுறவு அமைச்சு. மனைவியின் பெயர் சான்றிதழிலும் கடவுச்சீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று மொழிபெயர்க்கக் கொடுக்குமுன் பாருங்கள். பின்னர் திருத்துவதென்றால் எல்லா முத்திரையும் திரும்பக் குத்தவேண்டும்.