இசக்கி தம்பிக்கு: அந்த உச்சரிப்பு நோட்டை மூடி வை

தம்பி இசக்கி, மான்செஸ்டருக்கு வந்து இரண்டு மாதமாகியும் போனில் நீ பேசுவது யாருக்கும் விளங்கவில்லை என்கிறாய். ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிவைத்துப் பழகுகிறேன், உச்சரிப்பு வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறாய். கூடவே வாடகை, குளிர்சட்டை, பொன்னி அரிசி. அரிசியும் சட்டையும் அங்கே இருக்கிற நம்ம ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்லிருவாவ. வீட்டைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதே. மற்றதை விட்டுவிடுவோம், பேச வேண்டியது உச்சரிப்புதான்.

முதல் வேலையாக அந்த நோட்டை மூடி வை. தமிழ் எழுத்து தமிழுக்கென்று அமைந்தது. ‘பல்’லில் வருகிற ப-வும் ‘கம்ப’த்தில் வருகிற ப-வும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. இடத்தைப் பார்த்து நம் வாய் தானாக மாற்றிக்கொள்ளும். நம்ம இடையன்குடியில் இருந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அந்த விதி கிடையாது. குண்டூசிக்கும் ‘பின்’, குப்பைத்தொட்டிக்கும் ‘பின்’ என்றுதான் உன் நோட்டில் இருக்கும். மேல்சட்டையும் ‘கோட்’, வெள்ளாடும் ‘கோட்’. எந்த வேறுபாட்டைப் பழக வேண்டுமோ அதையே நோட்டு மறைத்துவிடுகிறது.

இதற்குப் பரிசோதனை உண்டு. டிஷ்யூ தாளில் ஒரு கீற்றுக் கிழித்து, வாய்க்கு நாலு விரல் தூரத்தில் தொங்கவிட்டுப் பிடி. ‘பல்’ என்று சொல், தாள் அசையாது. குண்டூசியின் ‘பின்’ சொல்லும்போது தாள் வெடுக்கென்று விலக வேண்டும். விலகவில்லையென்றால் ஆங்கிலேயர் காதில் குப்பைத்தொட்டிதான் விழும். சொல் முதலில் வருகிற ப, ட, க மூன்றுக்கும் இந்தக் காற்று வேண்டும். முன்னால் ‘ஸ்’ வந்தால் வேண்டாம். ‘ஸ்பூன்’, ‘ஸ்டாப்’, ‘ஸ்கூல்’ எல்லாம் நம் வாயில் வருகிறபடியே சரி. காற்றைப் பழகிய வேகத்தில் இங்கேயும் ஊதுகிறவர்கள் உண்டு, அதுவும் தப்பு.

அடுத்தது ‘எஃப்’. மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். ‘வி’-க்கும் அதே இடந்தான், தொண்டை மட்டும் அதிரும். ‘டபிள்யூ’-வில் பல்லுக்குச் சோலியே இல்லை. உதட்டைக் குவித்து ‘உ’-வில் தொடங்கி வழுக்கி வா. ‘இசட்’ நம் வாயில் ‘ஜெட்’ ஆகிவிடும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டிக்கொண்டே குரலைக் கூட்டு, தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும்.

நம்ம பக்கத்து வாய்க்கு இன்னும் இரண்டு பழக்கம் உண்டு. ஒன்று, எ-வில் தொடங்குகிற சொல்லுக்கு முன்னால் ய் சேர்ப்பது. எல், எம், எஸ், எக்ஸ் எல்லாம் யெல், யெம், யெஸ், யெக்ஸ் ஆகும்போது, நீ எழுத்துக் கூட்டுகிறாயா, ‘ஆமாம்’ என்கிறாயா என்று எதிராளி திணறுவார். இரண்டு, கடைசியில் உ சேர்ப்பது. ‘கப்பு’, ‘டிக்கெட்டு’ என்றால் அவர் காதுக்கு அசை ஒன்று கூடிவிடும், அது வேறு சொல்லோ என்று தேடுவார்.

இவற்றைவிடப் பெரிய சேதம் அழுத்தத்தில் வருகிறது. தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்லிப் போகலாம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேயும். நாம் ‘ஓட்டல்’ என்பதை அவர்கள் ‘டெல்’லில் ஓங்கிச் சொல்வார்கள். எழுதித்தான் பழகுவேன் என்றால் ஆங்கில எழுத்திலேயே எழுதி, ஓங்குகிற அசைக்கு அடிக்கோடு போடு. எண்களில் இது காசு விஷயம். ‘தர்ட்டீன்’ கடைசியில் ஓங்கி நீளும், ‘தர்ட்டி’ முதலில் ஓங்கும். வாடகை பேசும்போது ‘ஒன்று, மூன்று’, ‘மூன்று, சைபர்’ என்று தனித்தனி இலக்கமாகவும் சொல்லி உறுதி செய்துகொள்.

போனில் உன் பெயரை எழுத்துக் கூட்டாதே. ஓர் எழுத்துக்கு ஒரு சொல் என்று 1956-இல் விமானத் துறையில் நடைமுறைக்கு வந்த பட்டியல் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் ‘ஈ’-யில் தொடங்குகிற உன் பெயரை அதில் சொல்: எக்கோ, சியரா, ஆல்ஃபா, கிலோ, கிலோ, இண்டியா. ‘இசக்கி’ என்று ஒலிக்க வேண்டுமென்று பாஸ்போர்ட் எழுத்தை மாற்றப் போகாதே, சான்றிதழோடு பொருந்தாமல் அலைய வேண்டியிருக்கும். நம்ம ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுகிற விதத்தையே பார், அதிலும் ஒழுங்கு இல்லை. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் ‘டி’ மட்டும், தூத்துக்குடிக்கு ‘டி-எச்’. 1986 வரை மூன்றும் ஒரே மாவட்டம், மூன்றிலும் அதே த. வெள்ளைக்காரன் காலத்தில் ‘டின்னவெல்லி’ என்றே எழுதினார்கள். மின்னஞ்சலின் அடியில் தங்கள் பெயரின் ஒலிப்பை எழுதுகிறவர்கள் உன் பெயரில் வருகிற மாதிரி ‘ச’-வுக்கு ‘எஸ்-யூ’ போடுவார்கள். லண்டன்காரர் அதைச் சரியாகப் படிப்பார். மான்செஸ்டர்காரர் வாயில் அந்த ‘யூ’ உகரமாகிவிடும், ‘பஸ்’ஸே அங்கே ‘புஸ்’ தானே. உன் வாயால் ஒருமுறை சொல்லிக் கொடு.

அவர்கள் பேச்சை எழுதுகிற விதமும் தெரிந்திருக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர் ‘ஈ-ஆர்’ என்று எழுதினால் அதில் ‘ர்’ இல்லை, தயங்கி ‘அ...’ என்று இழுப்பதுதான். இங்கிலாந்தில் பெரும்பாலோர் உயிரொலிக்கு முன்னால் வராத ‘ஆர்’ எழுத்தை ஒலிப்பதில்லை. அதே தயக்கத்தை அமெரிக்கர் ‘யூ-எச்’ என்று எழுதுவார். நம்ம தாத்தாமார் கப்பலேறிப் போன பர்மாவின் ‘ர்’ கூட இப்படி எழுத்தில் நுழைந்ததுதான், அந்த நாட்டார் ‘பமா’ என்கிறார்கள். ‘என்-ஓ-டபிள்யூ-டி’ என்று வந்தால் ஒன்றுமில்லை என்று பொருள், எழுத்துப்பிழை என்று நினைத்துக்கொள்ளாதே.

வகுப்புக்கு வருவோம். ஆங்கிலேயன் போலவே பேச வைக்கிறோம் என்பவர்களுக்கு ஒரு பவுண்டும் கொடுக்காதே. ஐஈஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் உச்சரிப்புக்குக் கால் பங்கு மதிப்பெண், அதுவும் கேட்பவருக்கு விளங்குகிறதா என்பதற்குத்தான், ஊர்வாடைக்கு வெட்டு இல்லை. வந்த ஆறு மாதத்தில் நாக்கைச் சுழற்றி ‘ர்ர்ர்’ போடுகிற நம்மவர்களைப் பார்த்து மயங்காதே. அவர்கள் பேசுவது வெள்ளைக்காரருக்கும் விளங்காது, நமக்கும் விளங்காது.

அதே ஆட்கள்தான் தமிழ்ச் சங்கத்தில் உன் ‘சொல்லுதேன்’, ‘பாக்கேன்’, ‘வந்தாவ’ எல்லாவற்றையும் திருத்த வருவார்கள். திருத்த விடாதே. சொல்லுக்குச் சொல் ‘ஏலே’ ஒட்டினால் நெல்லைத் தமிழ் என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத வருத்தம் உண்டு. பாளை மார்க்கெட்டில் “அண்ணாச்சி, தேங்கா என்ன வெலைக்குப் போடுதிய?” என்று கேட்கிறவர் வாயில் ‘ஏலே’ எங்கே இருக்கிறது? நம்ம பேச்சின் அடையாளம் வினைமுற்றில் இருக்கிறது. அதோடு அங்கன, இங்கன, பைய, பொறவு. வீட்டுக்கு வாட்ஸப்பில் எழுதும்போது இதையெல்லாம் அப்படியே எழுது, ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டாதே. அங்கே தகரமும் டகரமும் குழம்பும், நெடிலும் குறிலும் ஒன்றாகும். போனின் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள், இரண்டு நிமிட வேலை.