மலையில் துணி பேட், கப் ஒத்துவருமா?

கேள்வி: ஊட்டி, குன்னூர் மாதிரி குளிரான ஊரில் இருந்துகொண்டு மாதவிடாய்க்குக் கடை பேடை விட்டுத் துணி பேட், கப் (உள்ளே வைத்து ரத்தத்தைப் பிடிக்கும் சிறு கிண்ணம்) என்று மாறுவது நடைமுறையில் முடியுமா? பை, டிஷ்யூ, டயப்பர் மாதிரி தூக்கிப்போடும் வீட்டுச் சாமான்களையும் மாற்றலாமா?

கப் தாராளமாக ஒத்துவரும். துணி பேட் பாதி வருஷத்துக்குத்தான். குன்னூர்க்காரியாகச் சொல்கிறேன், இங்கே எல்லாம் வெயில் கையில்தான் இருக்கிறது.

துணி பேடை நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். கீழே கோயம்புத்தூரில் காலையில் கொடியில் போட்டால் மதியத்துக்குள் மொறுமொறுவென்று எடுத்துவிடலாம். இங்கே அக்டோபர், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டால் சாதாரண உள்ளாடையே நாள்கணக்கில் ஈரமாகத் தொங்கும். பேடோ பல மடிப்புத் துணி. மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். குளிரில் விரலால் தொட்டால் ஈரமா, வெறும் சில்லிப்பா என்றே தெரியாது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும். இதில் யாரும் பார்க்கக் கூடாதென்று துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிற வழக்கம் வேறு. அப்படிப் போட்டால் சொட்டு வெயிலும் படாது, முடை நாற்றம்தான் மிச்சம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை கவலையில்லை. ராத்திரி உறைபனி விழும் ஊட்டியில்கூடப் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆனால் அலசுவது பச்சைத் தண்ணீரில்தான், விரல் விறைத்தாலும். சுடுதண்ணீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

கப்புக்கு இந்தத் தொல்லை கிடையாது. சிலிக்கோன், துடைத்தால் முடிந்தது. அதிகபட்சம் 12 மணி நேரத்துக்குள் காலிசெய்து கழுவிப் போட வேண்டும். கழிப்பறை பக்கத்தில் இல்லாத தேயிலைச் சரிவில் காலையிலிருந்து கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். பழக இரண்டு மூன்று மாதம் ஆகும். இழுப்பதற்கு முன் அடியை அழுத்திக் காற்றை விட வேண்டும். கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருந்தால் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். கசியுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. 2019இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள்; கசிவு பேட் அளவுக்கோ அதைவிடக் குறைவாகவோதான் இருந்தது.

மலைக்கென்று ஒரு விஷயம்: 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கப்பைக் கொதிக்கவைக்க அட்டையில் 5 நிமிடம் என்று போட்டிருந்தால் நான் 10 நிமிடம் விடுவேன். அதற்கென்று தனிப் பாத்திரம், நிறையத் தண்ணீர். அடியில் ஒட்டினால் கப் போச்சு.

பயன்படுத்திய கடை பேடைப் பலர் வெந்நீர் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். அதில் இருப்பது பஞ்சு மட்டுமில்லை, பிளாஸ்டிக்கும் ஜெல்லும்தான். அந்தப் புகை நம் வீட்டுக்குள்ளேயே சுற்றும். பள்ளத்தில் வீசினால் காட்டெருமையும் கரடியும் கிளறும். மிச்சம் இருக்கும் பேடைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

வீட்டுச் சாமான்களில் பை விஷயம் நமக்குப் புதிதில்லை, நீலகிரியில் பிளாஸ்டிக் தடை வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிஷ்யூவுக்குப் பதில் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம், அடுப்பு ஓரமாகக் காய்ந்துவிடும். குழந்தைக்குத் துணி நாப்பி மட்டும் மழைக்காலத்தில் வேண்டாம் என்பேன். ராத்திரிக்குக் கடை டயப்பரே போடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.