வாசகர் கேள்வி – பதில்: எந்த நாற்பது சதவீதம்?

கேள்வி: அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் பி.காம். மாணவர்களுக்கு வணிகப் புள்ளியியல் நடத்துகிறேன். “இனி நாற்பது சதவீதம் ஆன்லைன்” என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எனது ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே படம்பிடித்து மூடில் என்ற இணையப் பாடத் தளத்தில் ஏற்றினேன். அறுபது பேரில் முழுவதும் பார்த்தவர்கள் ஏழு பேர்தான். தவறு என்னிடமா, மாணவர்களிடமா?
— உதவிப் பேராசிரியை, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்களுக்கு வந்த உத்தரவிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது, ஏனெனில் ‘நாற்பது சதவீதம்’ என்ற பேச்சு இரண்டு வேறு இடங்களிலிருந்து வந்தது. 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தில் உள்ள பாடங்களில் இருபது சதவீதம் வரை மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் படித்து கிரெடிட் பெறலாம் என்று விதி செய்தது; 2021-இல் அதை நாற்பது சதவீதமாக உயர்த்தியது. இது மாணவர் வெளியே எடுக்கும் முழுப் பாடங்களைப் பற்றியது. அதே 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் கலப்புக் கற்றல் குறித்து மானியக் குழு ஒரு கருத்துருவை வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் நாற்பது சதவீதம் வரை இணையவழியிலும் எஞ்சியதை நேரடியாகவும் நடத்தலாம் என்பது அதன் யோசனை. உங்களுக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது. ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கட்டாயம் அந்த அளவைத் தொட வேண்டும் என்று அதில் இல்லை. நான்கு கிரெடிட் தாளுக்கு அறுபது மணி நேரம் என்றால், உச்ச அளவு இருபத்து நான்கு மணி நேரம்.

அந்த நேரத்தில் எதை வைப்பது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். ஐம்பது நிமிட வகுப்பில் நீங்கள் கரும்பலகையை அழிக்கும் நேரம், வருகைப் பதிவு, ஒரு மாணவரின் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்லும் விளக்கம் எல்லாம் கலந்திருக்கின்றன. நேரில் அவை வகுப்புக்கு உயிர் கொடுக்கின்றன. கைப்பேசித் திரையில் பார்ப்பவருக்கு அவை வெறும் காத்திருப்பு. ஆகவே ஏழு பேர் பார்த்ததே எனக்கு வியப்பாக இருக்கிறது.

உங்கள் தாளிலிருந்தே, எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்டவிலக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு டீக்கடையில் ஐந்து நாட்களில் 40, 42, 38, 41, 39 பால் பாக்கெட்டுகள் செலவாகின்றன. எதிர்க் கடையில் 10, 70, 25, 65, 30. இரண்டுக்கும் சராசரி 40. இந்த எண்களை வைத்துக் கணக்கு போடும் முறையை எட்டு நிமிடக் காணொளியில் சொல்லி முடித்துவிடலாம். அதன் கீழே மூன்றே கேள்விகள் வையுங்கள்; அவற்றில் ஒன்று, “சராசரியிலிருந்து உள்ள விலகல்களை வர்க்கப்படுத்தாமல் அப்படியே கூட்டினால் என்ன வரும்?” என்று இருக்கட்டும். விடை பூஜ்யம். யார் போட்டுப் பார்த்தார்கள், யார் ஊகித்தார்கள், யார் திறக்கவே இல்லை என்பது மறுநாள் காலை உங்கள் திரையில் தெரிந்துவிடும்.

பிறகு வகுப்புக்குப் போய் அதே காணொளியைத் திரும்பச் சொல்லக் கூடாது. பெரும்பாலோர் வழுக்குவது இங்கேதான்: பார்க்காமல் வந்தவர்கள்மேல் இரக்கப்பட்டு ஆசிரியர் முதலிலிருந்து நடத்துவார், அடுத்த வாரம் பார்த்தவர்களும் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். மாறாக, முதல் கடையின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 1.4, இரண்டாவது கடையினுடையது 23-க்கும் மேல் என்ற விடைகளைப் பலகையில் எழுதிவிட்டு, “நாளைக்கு எத்தனை பாக்கெட் வாங்கி வைப்பீர்கள்?” என்று நான்கு நான்கு பேராக உட்காரவைத்துக் கேளுங்கள். முதல் கடைக்காரர் 42 வாங்கினால் கவலையில்லை. இரண்டாவது கடைக்காரர் 40 வாங்கினால் ஒரு நாள் பால் மிஞ்சும், ஒரு நாள் வாடிக்கையாளர் திரும்பிப் போவார். சராசரி மட்டும் போதாது என்பது அந்த விவாதத்தில்தான் மாணவர் மனதில் பதியும். அதற்கு அறுபது பேரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். இணையவழிக்குக் கொடுக்க வேண்டியது கணக்கின் படிகளை. வகுப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டியது கணக்கின் பொருளை.

இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு, எச்சரிக்கையோடு. அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டி 2010-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நேரடிக் கற்பித்தலை மட்டும் நம்பிய வகுப்புகளைவிடக் கலப்பு வகுப்புகளில் மாணவர்கள் சற்றே கூடுதலாகக் கற்றதாகத் தெரிந்தது. ஆனால் அந்த வகுப்புகளில் மாணவர்கள் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பெற்றிருந்தனர் என்பதால், பலனை இணையத்தின் கணக்கில் எழுத வேண்டாம் என்று ஆய்வாளர்களே சொல்லியிருந்தார்கள். திரையைக் கொண்டுவந்து ஆசிரியரின் நேரத்தைக் குறைத்தால் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

மாணவர்களின் நிலையையும் பாருங்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் சுமார் 9.69 லட்சம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கார்டு வழங்க முன்வந்ததற்குக் காரணம் இருந்தது. இன்றும் உங்கள் மாணவிகளில் சிலர் அண்ணனின் கைப்பேசி வீடு திரும்பும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகுதான் மூடிலைத் திறப்பார்கள். எனவே காணொளியோடு அதே பாடத்தை இரண்டு பக்க பிடிஎஃப் ஆகவும் கொடுங்கள். கெடுவை அன்றிரவு என்று வைக்காமல் மூன்று நாள் விடுங்கள். கல்லூரிக் கணினி ஆய்வகத்தை மாலை ஒரு மணி நேரம் திறந்துவைக்கச் சொல்லுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் தொலைநிலைக் கல்வியின் ஞாயிற்றுக்கிழமைத் தொடர்பு வகுப்புகளில் நான் பாடம் எடுத்தபோது, தபாலில் வந்த பாடநூலின் உறையையே பிரிக்காமல் கொண்டுவந்தவர்கள் உண்டு. ‘பிரித்தாயா?’ என்று கேட்க அன்று ஒருவரும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

ஒன்றைத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எட்டு நிமிடக் காணொளிக்கு நீங்கள் செலவிடும் மூன்று நான்கு மணி நேரம் உங்கள் பணிப்பளுவில் சேருமா? ‘ஆன்லைன் இருக்கிறதே’ என்று கௌரவ விரிவுரையாளர் இடங்களைக் குறைக்கும் கல்லூரி செய்வதற்குக் கலப்புக் கற்றல் என்று பெயரில்லை. அது செலவுக் குறைப்பு.

கேள்வி: ஐ.ஐ.டி.களின் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்றில் வாராந்திர ஒப்படைவுகளில் தொண்ணூறுக்கு மேல் வாங்கினேன். ஆனால் சான்றிதழ் வரவில்லை. ஏன்?
— மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவர், சேலம்

பதில்: ஒப்படைவுகளுக்கு மொத்தத்தில் 25 மதிப்பெண்தான், மீதி 75 தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு. வழக்கமான பாடங்களில் சான்றிதழுக்கு 25-க்குப் பத்தும், 75-க்கு முப்பதும் தனித்தனியே வேண்டும். ஒன்றில் குவித்ததை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. ஒப்படைவு விடைகள் வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமையே வந்துவிடுகின்றன என்று உங்களுக்கும் தெரியும், பாடம் நடத்துபவருக்கும் தெரியும். எடை தேர்வின் பக்கம் சாய்ந்திருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் என் மகள் ஆன்லைன் பி.காம். சேர விரும்புகிறாள். அந்தப் பட்டம் செல்லுமா? அருகிலுள்ள ஒரு மையம், தங்கள் வழியாகச் சேர்ந்தால் கட்டணம் குறையும் என்கிறது.
— ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: மானியக் குழுவின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகம் இணையவழியில் தரும் பட்டம், வகுப்பறையில் பெற்ற பட்டத்துக்குச் சமம், 2022 செப்டம்பரில் இதைத் தனி அறிவிப்பாகவும் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் அனுமதி பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கிடைத்துவிடுவதில்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று குறித்தே கிடைக்கிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் உங்கள் மகள் சேரும் பருவத்துக்கான பட்டியலில் அந்த பி.காம். இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். விளம்பரத்தில் அச்சிட்ட கடிதத்தை நம்ப வேண்டாம்.

அருகிலுள்ள மையத்தின் வழியாகச் சேராதீர்கள். உரிமம் வாங்கி நடத்தும் இடைத்தரகர் முறையை மானியக் குழு அனுமதிக்கவில்லை. சேர்க்கையும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் தளத்தில், பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே நடக்க வேண்டும். பணம் கட்டுமுன் அங்கே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பருவத் தேர்வை எங்கே, எப்படி நடத்துகிறார்கள்? கணக்குப்பதிவியலில் இரவு எட்டு மணிக்கு ஒரு சந்தேகம் வந்தால் பதில் சொல்பவர் யார், எத்தனை நாளில்? இரண்டாவது கேள்விக்குத் தடுமாறும் இடமாக இருந்தால், அடுத்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.