ஜாக்கெட் பைக்குள் ஓடிய போன்

கேள்வி: ஒன்டாரியோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாதி விஞ்ஞானம், பாதி பூர்வகுடி மக்களின் அறிவு. மனூமின் என்ற காட்டரிசி பற்றி ஆய்வு செய்கிறேன். அனிஷினாபே என்ற பூர்வகுடியைச் சேர்ந்த பெரியவர் ஒருவரிடம் முறைப்படி புகையிலை கொடுத்துக் கேட்டேன். மூன்று நாள் சொல்லித் தந்தார். நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் பேச்சைக் குறைத்துவிடுகிறார் என்பதால் போனை ஜாக்கெட் பைக்குள் வைத்துப் பதிவு செய்தேன். இந்த நாட்டில் அது குற்றமில்லை. என் பிரச்சினை வேறு. விஞ்ஞானப் பேராசிரியர் பெரியவர் சொன்னதை நிரூபிக்கச் சொல்கிறார். பூர்வகுடி அறிவு கற்பிக்கும் பேராசிரியர் அதைச் சோதிக்கவே கூடாது என்கிறார். இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எப்படிச் சேர்ப்பது? அம்மா வேறு, அக்கவுண்டிங்குக்கு மாறு என்று நச்சரிக்கிறா.

பதில்: பேராசிரியர்களின் சண்டை கொஞ்சம் பொறுக்கட்டும், பிள்ளை. நோட்டைக் கண்டால் பேச்சைக் குறைக்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். அதுதான் அவர் உங்களுக்குச் சொன்ன பதில். எழுதாதே என்று முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான். அது உங்களுக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது. விளங்காமல் இருந்திருந்தால் போன் மேசைமேல் இருந்திருக்கும்.

சட்டம் பேசுகிறீர்கள். உண்மைதான், உரையாடுகிறவர்களில் ஒருவருக்குச் சம்மதம் இருந்தால் கனடாக் குற்றவியல் சட்டம் 184ஆம் பிரிவு உங்களைத் தொடாது. ஆனால் பட்டம் தரப்போவது போலீஸ் இல்லையே. மத்திய அரசின் மூன்று ஆராய்ச்சி நிதி அமைப்புகளும் சேர்ந்து வகுத்த நெறிமுறையில் 9ஆம் அத்தியாயம் முழுவதும் பூர்வகுடி மக்களிடம் ஆய்வு செய்வதைப் பற்றியது. மாணவர் என்பதால் அதிலிருந்து விலக்குக் கிடையாது. பூர்வகுடியினரே 1998இல் வகுத்த ஓகேப் விதிகள் இன்னும் நேரடியானவை: தகவல் யாருடையது, யார் கட்டுப்பாட்டில், யார் பார்க்கலாம், யார் கையில் இருக்கும் என்ற நான்கையும் அந்தச் சமூகமே தீர்மானிக்கும். இவை உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும். பரீட்சைக்குப் படித்ததைப் பைக்குள் போன் வைக்கும்போது மறந்தீர்களா?

புகையிலை கொடுத்தேன் என்று வேறு பெருமை. கையில் புகையிலையோடு என்ன வேண்டும் என்று கேட்கிறீர்கள். அவர் வாங்கிக்கொண்டால் கேட்டதைத் தருவதாக ஒப்புக்கொள்கிறார். நீங்கள் கேட்டது சொல்லித் தரச் சொல்லி. பதிவைக் கேட்கவில்லை; அதை அவர் தரவும் இல்லை. இன்னொன்று. அனிஷினாபே மக்களிடம் சில கதைகளை நிலத்தில் பனி கிடக்கும் காலத்தில் மட்டுமே சொல்வார்கள். உங்கள் பதிவில் அப்படி ஏதாவது மாட்டியிருந்தால் அந்த இடத்தை வெட்டு என்று சொல்ல அவருக்கு வழியே இல்லை. பதிவு இருப்பதே தெரியாதே! ஊரில் நாட்டு வைத்தியம் பார்த்த பரியாரி ஏன் ஏட்டைப் பெட்டியில் பூட்டி வைத்தார் என்று உங்கள் அம்மம்மாவைக் கேட்டுப்பாருங்கள். யார் கைக்குப் போகிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில், அழித்துவிடாதீர்கள். பயத்தில் எல்லோரும் செய்வது அதுதான். இரகசியமாக எடுத்ததை இரகசியமாக அழித்தால் தவறு இரண்டாகிறது. பதிவைக் கேட்பதை, தட்டச்சு செய்வதை நிறுத்துங்கள். மேற்பார்வையாளரிடம் இன்றே சொல்லி, பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் அறிவியுங்கள். அனுமதித்த முறையிலிருந்து விலகினால் அறிவிப்பது கட்டாயம். தாமாகவே வந்து சொல்கிறவரையும் பிடிபடுகிறவரையும் அவர்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. பிறகு நேரில் போங்கள், மின்னஞ்சல் வேண்டாம். புதிதாகப் புகையிலை கொண்டுபோய், செய்ததைச் சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். அழிப்பதா, அவரிடமே கொடுப்பதா, ஒரு பகுதியை மட்டும் வைப்பதா என்பது அவர் முடிவு. பல்கலைக்கழகம் அவருக்குத் தரும் சன்மானம் வேறு கணக்கு. அதை இதற்கு நட்ட ஈடாக நீட்டி அவமானப்படுத்தாதீர்கள்.

அழி என்றால் போனில் மட்டும் அழித்தால் போதாது. தானாக மேலேறிய கிளவுட் பிரதி, பேச்சை எழுத்தாக்கக் கொடுத்த மென்பொருள், வகுப்புத் தோழர்களோடு பகிர்ந்த கோப்புறை, மின்னஞ்சல் இணைப்பு எல்லாவற்றையும் தேடுங்கள். புகைப்படங்களுக்குள் ஜிபிஎஸ் புள்ளி ஒளிந்திருக்கும். அரிசி நிற்கும் விரிகுடாவின் புள்ளி ஆய்வேட்டோடு பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏறினால் அடுத்த ஆண்டு யார் படகு வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வரைபடத்தில் நீர்ப்பிடிப்புப் பகுதியின் பெயருக்கு மேல் வேண்டாம்.

அத்தியாயத்துக்கு வருவோம். ஒருவர் சொன்னதை மற்றவர் கொண்டு மதிப்பெண் போடும் அட்டவணையைத் தூக்கி எறியுங்கள். மிக்மாக் என்ற பூர்வகுடியின் மூத்தவர் ஆல்பர்ட் மார்ஷல் 2004இல் முன்வைத்த 'எதுவாப்தமும்க்', அதாவது பூர்வகுடி அறிவு ஒரு கண், விஞ்ஞானம் ஒரு கண் என்று இரு கண்ணால் பார்த்தல், ஒரு கண்ணை மற்றதற்குக் காவல் வைக்கச் சொல்லவில்லை. மனூமின் அரை அடி முதல் மூன்று அடி வரை தண்ணீரில், மென்சேற்றில் வளர்வது. கோடைத் தொடக்கத்தில் இலை தண்ணீர்மேல் படுத்து மிதக்கும் அந்தச் சில வாரங்களில் மட்டம் திடீரென்று ஏறினால் வேரோடு பிடுங்கிக்கொள்ளும். அளவுகோலை நட்டு மட்டத்தைக் குறித்தால் எந்த நாள், எத்தனை சென்டிமீட்டர் என்று கிடைக்கும். எந்த அணைக் கதவைத் திறந்த ஆண்டில் எந்தக் கரை வெறுமையானது என்பது அவரிடம் இருக்கும். உங்கள் வரைபடத்தை அவர் முன் விரித்து வைத்துக் கேளுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் அப்படியே எழுதி, ஒத்துப்போகவில்லை என்றும் எழுதுங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் காட்டரிசி வளரும் நீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் சல்ஃபேட் என்ற வரம்பு 1973 முதல் இருக்கிறது. சேற்றில் அது சல்ஃபைடாக மாறி வேரைக் கெடுக்கிறது. பெரியவர் சேற்று வாடை பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அந்த இடத்திலும் சேறு எடுத்துச் சோதியுங்கள். எங்கே தோண்டலாம் என்றும் அவரிடமே கேட்டுவிட்டு.

எழுதியதை அச்சுக்கு முன் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஒப்புதல் கிடைத்தால் முதல் பிரதி அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு. அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கக்கூடிய மூன்று நாளை உங்களுக்குத் தந்திருக்கிறார். அது கடன், நன்றியுரையில் ஒரு வரி எழுதித் தீர்க்க முடியாது.

அம்மாவிடம், இந்த ஆண்டு முடியட்டும் என்று சொல்லுங்கள். இந்த விஷயத்தையும் அம்மாவிடம் மறைக்காதீர்கள். மறைக்கப் பழகினது போதும்.

ஆகஸ்ட் கடைசியில் அறுவடை தொடங்கிவிடும். ஒருவர் படகைக் கோலால் தள்ள, ஒருவர் இரண்டு தேவதாருக் குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுகிற நாட்களில் அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. அதற்கு முன் போய்விடுங்கள். போனைக் காரிலேயே வைத்துவிட்டு.