கொம்பில்லாத மான்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

போன ஞாயிறு சமரேல் பக்கம் ஒரு சாஸே (மான் வேட்டைக்கான தனியார் நிலம்) வேலியோரம் வண்டியை நிறுத்தி, நானும் என் மகனும் ஒரு கலைமானை, அதாவது கொம்புள்ள ஆண்மானை, பார்த்தோம். கொம்பு நிறையப் புல்லும் கொடியும். சேற்றில் புரண்டு எழுந்து கத்தியது. இன்னொரு கலைமான் வந்ததும் இரண்டும் மோதிக்கொண்டன. பெண்மான்கள் எங்களைக் கண்டதும் காலைத் தரையில் உதைத்துவிட்டு ஓடிவிட்டன. என் மகனுக்கு ஏழு வயது. பள்ளியில் யாராவது மிரட்டினால் அழுதுகொண்டே வருகிற பிள்ளை. "பெண்மான் மாதிரி ஓடாதே, கலைமான் மாதிரி நில்" என்று அவனிடம் சொன்னேன். என் கேள்வி இதுதான்: புலியே இல்லாத நம் மொரீஷியஸில் மானுக்கு இவ்வளவு கொம்பும் கோபமும் எதற்கு? அப்புறம், என் மைத்துனர் காட்டோரம் தனியாகக் கிடந்த ஓர் ஆண்குட்டியை எடுத்துவந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். இப்போது அதற்குக் கொம்பு வந்துவிட்டது. பிள்ளைகளை அதன் பக்கம் விடலாமா? மான்கறி சாப்பிடுவது சரியா என்று மனைவியும் கேட்கச் சொன்னாள்.

ச., ரோஸ்ஹில்

அன்புள்ள தம்பி,

மான்கறி பற்றி உங்கள் மனைவியே முடிவு செய்துகொள்ளட்டும். மாட்டுக்கறி தொடாதவரும் பன்றிக்கறி தொடாதவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கறி இந்தத் தீவில் அது. நான் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது மகனிடம் நீங்கள் சொன்ன வார்த்தை. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குத் தப்பான மானைக் காட்டிவிட்டீர்கள், தம்பி.

அந்தக் கலைமான் யாரை எதிர்த்து நின்றது? இன்னொரு கலைமானை. குளிர்காலம் வந்தால் அதற்கு வேறு நினைப்பே கிடையாது. கொம்பில் புல்லைச் சுமப்பது தன்னைப் பெரிதாகக் காட்ட. சேற்றில் புரள்வதும் தன் மூத்திரத்தைத் தன் மேலேயே அடித்துக்கொள்வதும் வாசனைக்காக. மேய்ச்சலை மறந்து எலும்பு தெரிய இளைத்துப்போகும். ஸ்காட்லாந்தின் ரம் தீவுச் செம்மான்களைப் பல பத்தாண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். அங்கே இரண்டு கலைமான்கள் முதலில் மாறி மாறிக் கத்திப் பார்க்கும், பிறகு பக்கத்தில் பக்கத்தில் நடந்து ஒன்றையொன்று அளந்துகொள்ளும், அப்போதும் தீராவிட்டால்தான் கொம்பு பூட்டும். பல வழக்குகள் கத்தலிலேயே முடிந்துவிடும்.

கொம்பு புலிக்காக என்றால், வருடா வருடம் அதை உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் வெறுந்தலையோடு ஏன் திரியவேண்டும்? புதிதாக முளைக்கும்போது மேலே ரத்தம் ஓடுகிற மெல்லிய தோல், பட்டாலே வலிக்கும். அந்த நாட்களில் கலைமானும் பின்னங்காலில் எழுந்து முன்னங்காலால்தான் அடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, குட்டியைக் காக்கவேண்டிய தாய்க்கு அல்லவா கொம்பு இருந்திருக்க வேண்டும்? மான் இனங்களில் வடதுருவப் பக்கத்துப் பனிமானை (ரெயின்டீர்) தவிர வேறெதிலும் பெண்ணுக்குக் கொம்பு முளைப்பது வழக்கமில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் சீக்கிரம் கொம்பு உதிர்த்த ஆண்மான்களை ஓநாய்கள் குறிவைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். சரி, கொம்பால் அந்த அளவு உபகாரம் உண்டு. அதற்காக அது முளைப்பதில்லை.

இப்போது நீங்கள் பயந்தாங்கொள்ளி என்று தள்ளிய பெண்மானுக்கு வருகிறேன்.

என் அப்பா ரிவியேர் நுவார் பக்கம் ஒரு சாஸேயில் காவல் வேலை பார்த்தார். விடுமுறையில் என்னையும் மரமேடைக்கு ஏற்றிக்கொள்வார். நான் கொம்பைக் காட்டிக் காட்டிக் குதிப்பேன். "அதை விடு, அந்தக் கிழவியின் காதைப் பார்" என்பார். கூட்டத்தின் ஓரத்தில் வயதான பெண்மான் ஒன்று மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு காது முன்னால், ஒரு காது பின்னால், தனித்தனியாகத் திரும்பும். அது தலையைத் தாழ்த்தினால் இன்னொன்று தூக்கும். எந்த நேரத்திலும் ஏதோ ஒரு தலை மேலே இருக்கும். காற்று மாறியதும் கிழவி நேராக எங்கள் மேடையைப் பார்த்துக் காலைத் தரையில் உதைத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அப்பா துப்பாக்கிக்காரர்களிடம் சம்பளம் வாங்கியவர். ஆனாலும் அன்று அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த உதை பதற்றம் இல்லை, தம்பி. பதுங்கிப் பாய்கிற மிருகத்திடம் "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று அறிவிப்பது. தெரிந்துபோன புலி பெரும்பாலும் துரத்தாமல் விலகிவிடும், ஓடிப் பிடிக்கிற உடம்பு இல்லை அதற்கு. அதே ஒலி கூட்டத்தையும் எழுப்பிவிடும். ஓடுவது அதற்கப்புறம்தான். இந்த மான்களை 1639இல் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்தார். நம் முன்னோர் இங்கே கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பு. அங்கே அன்று புலி இருந்தது, சிறுத்தையும் செந்நாயும் இன்றும் உண்டு. இங்கே அவற்றில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் ஏறக்குறைய நானூறு வருடமாகப் பெண்மான்கள் காவலை விடவில்லை. புலி இல்லாவிட்டால் என்ன, நாய் உண்டு, நாம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வேட்டைக்காலம். அதே மாதங்களில்தான் கலைமான் தன் இருப்பிடத்தைத் தானே கத்திச் சொல்லிக்கொண்டு நிற்கிறது. யார் முதலில் சாவார் என்று அப்பாவிடம் கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பார்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் இந்த இனத்துக்குத் தெரியும். இதன் நெருங்கிய சொந்தமான கடமான், செந்நாய் துரத்தினால் தண்ணீருக்குள் இறங்கித் திரும்பி நிற்கும். செந்நாய் அங்கே நீந்தவேண்டியிருக்கும், கடமானுக்குக் கால் ஊன்றும்.

உங்கள் மைத்துனர் செய்தது எனக்குக் கோபத்தையே தருகிறது. தனியாகக் கிடந்த குட்டி அநாதை என்று அவரிடம் யார் சொன்னது? தாய்தான் அதை அங்கே படுக்கவைத்துவிட்டுப் போயிருக்கும். குட்டியின் மேல் வாசனை தங்காதபடி நக்கித் துடைத்து, அதன் மலத்தையும் மூத்திரத்தையும் தானே தின்று, பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். தான் பக்கத்தில் நின்றால் குட்டியைக் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்பதால்தான் தூரத்தில் மேய்கிறது. ஆபத்து நெருங்கினால் குட்டி அசையாது, இதயத் துடிப்புகூடத் தாழ்ந்துவிடும். அப்படிப் பாதுகாத்து வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுப் புண்ணியம் என்று நினைக்கிறோம்.

பிள்ளைகளை அதன் பக்கம் விடவே விடாதீர்கள். கையில் வளர்ந்த கலைமான் காட்டுக் கலைமானைவிட ஆபத்து. மனிதரிடம் பயம் இல்லாததால், பருவம் வந்ததும் மனிதரையே எதிரிக் கலைமானாக எடுத்துக்கொள்ளும். தீனி வைக்கப் போகிற மைத்துனருக்கும் இதே கதிதான். உறுதியான வேலி போடச் சொல்லுங்கள். மான் பண்ணைகளுக்குப் போகிற கால்நடை மருத்துவர் ஒருவரை உடனே கூப்பிட்டு, அதை என்ன செய்வது என்று கேட்கச் சொல்லுங்கள்.

மகனை மறுபடி சமரேலுக்குக் கூட்டிப்போங்கள். வண்டியை விட்டு இறங்கவேண்டாம். எந்தப் பெண்மான் முதலில் தலை தூக்குகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் அவனை மிரட்டுகிறவர்கள் விஷயமாக ஆசிரியரிடம் போய்ப் பேசவேண்டியது நீங்கள், ஏழு வயதுப் பிள்ளை இல்லை. இந்தத் திங்கட்கிழமையே போங்கள்.

அன்புடன்,
அக்கா